ஒரிஜினல் டிரம்ஸ்ல மெட்டல் ரெக்கார்டிங்: என்ன கோளாறு கேக்குது, எங்க கைய வைக்கணும்

சேலத்துல மெட்டல் பண்ற பசங்க அப்பப்போ ஃபைல் அனுப்பி "அண்ணா, டிரம்ஸ் என்னமோ சரியில்ல, சாம்பிள் போட்டுடட்டுமா"ன்னு கேப்பாங்க. போடாதீங்க. அதாவது டிரம்மர் அடிச்ச அடி மேல வேற யாரோ வேற ஊர்ல அடிச்ச ஸ்னேர் (அடியில கம்பி கட்டின டிரம்) சத்தத்த கொண்டு வந்து ஒட்டினா பாட்டு சுத்தமா கேக்கும், ஆனா உங்க பையன் வருஷக்கணக்கா கால் வலிக்க வலிக்க பழகுன அந்த அடி அதுல இருக்காது. ஒவ்வொரு அடியும் கொஞ்சம் வேற வேற மாதிரி விழுறது தான் மனுஷன் வாசிக்கிறதோட அழகு, அத காப்பாத்த தான் இவ்வளவு பாடும். எனக்கு வந்த ஃபைல்கள்ல பெரும்பாலும் கோளாறு மிக்ஸ்ல இருக்கறதில்ல, டிரம்லயோ ரூம்லயோ மைக் நிக்கிற இடத்துலயோ தான் இருக்கும்.

அதனால எந்த கோளாறா இருந்தாலும் தேடுற வரிசை ஒன்னு தான். முதல்ல மைக்க மறந்துட்டு டிரம்மர் முன்னாடி போய் நின்னு வெறுங்காதுல கேளுங்க, அங்கயே அசிங்கமா இருந்தா டிரம்ம சரி பண்ணுங்க, அங்க நல்லா இருந்து ஸ்பீக்கர்ல அசிங்கமா இருந்தா மைக்கையும் ரூமையும் பாருங்க, ஒவ்வொரு மைக்கும் தனியா நல்லா இருந்து சேர்ந்தா கெட்டுப்போனா ஃபேஸ (ஒரே சத்தம் ஒவ்வொரு மைக்குக்கும் முன்ன பின்ன வந்து ஒன்ன ஒன்னு வெட்டுறது) பாருங்க, இது மூணும் சரியா இருந்தா மட்டும் பிளக்இன் (மிக்ஸ் பண்ற சாஃப்ட்வேர்ல சத்தத்த மாத்துற டூல்) பக்கம் போங்க.

நான் கீழ சொல்றதெல்லாம் 8 இன்புட் இன்டர்ஃபேஸ் (மைக்குகள கம்ப்யூட்டரோட சேர்க்கற பெட்டி) வச்சு சொல்றது. கிக் (காலால அடிக்கிற பெரிய டிரம்) உள்ள ஒன்னு, ஸ்னேர் மேல ஒன்னு கீழ ஒன்னு, டாம் ஒன்னு, ஃப்ளோர் டாம் ஒன்னு, ஓவர்ஹெட் (டிரம்ஸுக்கு மேல வைக்கிற மைக்) ரெண்டு, ரூம் மைக் ஒன்னு. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். நிமிஷத்துக்கு சுமார் 69 எம்பி ஆகும், டிஸ்க்ல இடம் இருக்கான்னு முன்னாடியே பாத்துக்குங்க. லெவல் உச்சத்துல மைனஸ் 10, மைனஸ் 12 டிபிக்கு மேல போக வேணாம், ஏன்னா சவுண்ட் செக்ல அடிக்கிற அடி வேற, பாட்டு சூடு பிடிச்சப்புறம் அடிக்கிற அடி வேற.

ஒவ்வொரு மைக்கும் தனியா நல்லா இருக்கு, எல்லாத்தையும் சேர்த்தா டிரம்ஸ் ஒல்லியாயிடுது

இது தான் அதிகமா வர்ற கோளாறு, இதுல தான் நிறைய பேரு ஈக்யூல (ஃப்ரீக்வென்சிய ஏத்தி இறக்குற டூல்) பேஸ ஏத்தி ஏத்தி நேரத்த வீணாக்குறாங்க. சத்தம் ஒரு மீட்டர் போக கிட்டத்தட்ட 2.9 மில்லிசெகண்ட் எடுத்துக்கும். ஸ்னேர் பக்கத்துல இருக்க மைக்குக்கு உடனே வந்த சத்தம், ஒரு மீட்டர் மேல இருக்க ஓவர்ஹெட்டுக்கு அவ்வளவு லேட்டா போகும், 48 கிலோஹெர்ட்ஸ்ல பாத்தா அது 140 சாம்பிள் (இங்க சாம்பிள்னா விநாடிக்கு 48,000 தடவ எடுக்கற அளவுல ஒன்னு, ஒட்டற சத்தம் இல்ல). ரெண்டையும் சேர்த்தா சில ஃப்ரீக்வென்சி கூடும், சிலது ஒன்ன ஒன்னு அடிச்சு காலி பண்ணிடும். காலியாகுறது பெரும்பாலும் 200 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது ஸ்னேரோட வயிறு.

முதல் வேலை, ஸ்னேருக்கு கீழ இருக்க மைக்கோட போலாரிட்டிய (சத்த அலையோட மேல் கீழ் திசைய) திருப்புங்க. மேல குச்சி விழுறப்போ மேல் தோல் மைக்க விட்டு கீழ இறங்கும், அதே நேரம் கீழ் தோல் கீழ் மைக்க நோக்கி வரும், ரெண்டு மைக்கும் எதிர் எதிரா தான் பதிவு பண்ணும். அந்த ஒரு பட்டன அழுத்துனதும் ஸ்னேர் ரெண்டு மடங்கு தடிமனா வந்து நிக்கிறத பல தடவ பாத்துருக்கேன்.

ரெண்டாவது, ஓவர்ஹெட் ரெண்டும் ஸ்னேர் நடுவுல இருந்து ஒரே தூரத்துல இருக்கணும். கண்ணால பாத்து வைக்காதீங்க. நாங்க அம்மாபேட்டையில ஒரு தறி ஷெட்டுக்கு பின்னாடி ரூம்ல தான் ரெக்கார்ட் பண்றோம், அங்க நூலுக்கு பஞ்சமில்ல, ஒரு துண்டு நூல எடுத்து ஒரு முனைய டிரம்மர் ஸ்னேர் நடுவுல விரலால அழுத்திக்குவான், இன்னொரு முனைய இடது மைக் வாய் வரைக்கும் இழுத்து ஒரு முடிச்சு போடுவேன், அதே முடிச்சு வலது மைக் வாய்க்கும் வரணும். கிக் நடுவுல இருந்தும் ரெண்டு மைக்குக்கும் முடிஞ்ச வரைக்கும் சமமா வர்ற மாதிரி மைக்க லேசா நகத்துங்க. அஞ்சு நிமிஷ வேலை. இத பண்ணலன்னா ஸ்னேர் ஒரு காது பக்கம் சாஞ்சே இருக்கும், பேன் பண்ணி நேராக்கவும் முடியாது.

மூணாவது, மிக்ஸ்ல ஓவர்ஹெட்ட மோனோவாக்கி வச்சுட்டு ஒவ்வொரு க்ளோஸ் மைக்கையும் (டிரம் பக்கத்துலயே வச்ச மைக்) ஒன்னொன்னா சேருங்க, சேர்க்கறப்போ போலாரிட்டி பட்டன மாத்தி மாத்தி அழுத்தி எதுல வயிறு நல்லா வருதோ அதுல விடுங்க. ட்ராக்க இழுத்து ஸ்னேரோட நேர் பண்ற பழக்கமும் இருக்கு, ஓவர்ஹெட்ட முன்னாடி இழுத்தா அடி கூர்மையா வரும், ஆனா ரூம்ல நிக்கிற அந்த ஆழம் கொஞ்சம் குறையும். நான் ஓவர்ஹெட்ட மட்டும் சில நேரம் நேர் பண்ணுவேன், ரூம் மைக்க தொடவே மாட்டேன், அது லேட்டா வர்றது தான் அதோட வேலை.

ஸ்னேர் தகர டப்பா மாதிரி கேக்குது, இல்ல 'ஙொய்'னு இழுக்குது

மிருதங்கம் வாசிக்கிறவர பக்கத்துல இருந்து பாத்துருக்கீங்களா? கச்சேரிக்கு முன்னாடி கல்லும் கட்டையும் வச்சு வலந்தலைய சுத்தி ஒவ்வொரு கண்ணா தட்டி, 16 இடத்துலயும் ஒரே சுருதி வர்ற வரைக்கும் விடமாட்டாரு. நம்ம பசங்க அத பாத்து வளந்தவங்க தான், ஆனா ஸ்னேர்னு வந்தா சாவிய எடுத்து எல்லா ராடையும் (தோல இழுத்துப் பிடிக்கிற திருகு) ஏனோதானோன்னு முறுக்கிட்டு உக்காந்துடுறாங்க. ஸ்னேர்ல பெரும்பாலும் 8 இல்ல 10 ராடு தான். ஒவ்வொரு ராடுக்கும் ஒரு இஞ்ச் உள்ள தள்ளி குச்சியால மெதுவா தட்டுங்க, ஒன்னு மட்டும் இறங்கி கேட்டா அத ஏத்துங்க, எதிர் எதிர் ராடா போங்க, வரிசையா சுத்தி வராதீங்க. எல்லா இடத்துலயும் ஒரே சுருதி வந்தாலே அந்த அசிங்கமான ரிங் பாதி போயிடும், ஏன்னா அது பெரும்பாலும் ரெண்டு மூணு சுருதி ஒன்னோட ஒன்னு மோதுறது தான்.

கீழ் தோல் மேல் தோல விட டைட்டா இருக்கட்டும். ஸ்னேர் கம்பிய ரொம்ப முறுக்காதீங்க, முறுக்கினா குரல்வளைய பிடிச்ச மாதிரி சத்தம் சுருங்கிடும், லூஸா ஆரம்பிச்சு மெதுவா அடிச்சாலும் கம்பி பேசுற இடம் வரைக்கும் கொண்டு வந்து நிறுத்துங்க.

அப்புறமும் ரிங் இருந்தா, பழைய மேல் தோல் ஒன்ன எடுத்து ஓரத்துல ஒரு இஞ்ச் அகலத்துக்கு வளையமா வெட்டி தோல் மேல போடுங்க, காசே ஆகாது. ஆனா முழுசா அமுக்கிடாதீங்க. கிடார் சேந்தப்புறம் ஸ்னேர் மேல வந்து நிக்கறது அந்த கொஞ்சூண்டு ரிங்கால தான், தனியா கேக்கறப்போ தொந்தரவா தெரியிற ரிங் பாட்டுல நீளமா மாறிடும். மிக்ஸ்ல வெட்டணும்னா ஒரே ஒரு குறுகலான வெட்டு போதும், 400ல இருந்து 900 ஹெர்ட்ஸுக்குள்ள எங்கயாவது இருக்கும், 4 டிபி எடுத்துட்டு நிறுத்திடுங்க.

ஸ்னேர ஏத்துனா ஹை-ஹேட்டும் கூடவே ஏறுது

இதுக்கு மருந்து மைக் திரும்பியிருக்க திசையில இருக்கு. எஸ்எம்57 மாதிரி கார்டியாய்ட் மைக்குக்கு முதுகுப் பக்கம் காது கேக்காது, அதனால அதோட முதுகு ஹை-ஹேட்ட (பெடல்ல திறந்து மூடுற ஜோடி சிம்பல்) பாக்கிற மாதிரி திருப்புங்க. சூப்பர்கார்டியாய்டா இருந்தா நேர் முதுகுல இல்ல, முன்பக்கத்துல இருந்து 126 டிகிரி தள்ளி பக்கவாட்டுல தான் காது கேக்காத இடம் வரும், அந்த பக்கம் ஹை-ஹேட் வரணும். ஹை-ஹேட் ஸ்டாண்ட ரெண்டு இஞ்ச் தூக்குங்க, ஒரு இஞ்ச் இடது பக்கம் நகத்துங்க, டிரம்மர் முதல் நாள் முனகுவான், ரெண்டாவது நாள் பழகிடுவான்.

ஆனா உண்மையான காரணம் கையில இருக்கு. மேடையில பழகுன டிரம்மர் சிம்பல ஓங்கி அடிச்சு டிரம்ம மெதுவா அடிப்பான், மேடையில டிரம்முக்கு மைக் பக்கத்துல இருக்கறதால அது தெரியாது, ஸ்டுடியோவுல தெரிஞ்சுடும். ரெக்கார்டிங்குக்கு ஒரு மாசம் முன்னாடியே அவன்கிட்ட சொல்லுங்க, போன ரூம் மூலையில வச்சு ரிகர்சல பதிவு பண்ணி அவனுக்கே போட்டு காட்டுங்க. அந்த போன் ரெக்கார்டிங்ல ஸ்னேர் சிம்பலுக்கு மேல கேட்டா உங்க ஆல்பம் பாதி மிக்ஸ் ஆயிடுச்சுன்னு அர்த்தம்.

மிக்ஸ்ல கேட் (சத்தம் ஒரு அளவுக்கு கீழ போனா தானா ட்ராக்க மூடுற டூல்) போடறதுன்னா முழுசா மூடாதீங்க, 8ல இருந்து 12 டிபி வரைக்கும் மட்டும் இறங்குற மாதிரி வைங்க, முழுசா மூடினா ஒவ்வொரு அடிக்கும் ஹை-ஹேட் திறந்து மூடுற மாதிரி மூச்சு வாங்கும். 5 கிலோஹெர்ட்ஸ ஏத்தணும்னா கேட்டுக்கு அப்புறம் ஏத்துங்க.

பிளாஸ்ட் பீட் வந்தா ஸ்னேர் காணாம போயிடுது

சாம்பிள் போடறவங்க பெரும்பாலும் இந்த இடத்துல தான் மனசு மாறி போடறாங்க, அதனால இத கொஞ்சம் விலாவாரியா சொல்றேன்.

220 பிபிஎம்ல (நிமிஷத்துக்கு 220 பீட்) கிக்கும் ஸ்னேரும் மாறி மாறி விழுற பிளாஸ்ட்ல ஸ்னேர் மட்டும் விநாடிக்கு ஏழு தடவைக்கு மேல விழும். அந்த வேகத்துல கை உயர தூக்க நேரமே இல்ல, குச்சி தோலுக்கு மேல நாலு விரக்கடை தான் எழும், மெதுவான பகுதியில தலைக்கு மேல இருந்து வந்த அடியோட இத ஒப்பிட்டா சத்தம் குறையத்தான் செய்யும். சத்தம் மட்டும் குறையல, சத்தத்தோட தன்மையும் மாறுது, ஓரத்துல ரிம்மோட சேந்து விழுற அந்த வெடி போயி நடுத்தோல்ல 'டக் டக்'னு விழும். இது தப்பு இல்ல, கை அப்படித்தான் வேலை செய்யும். காதுக்கும் அது தெரியும், அதனால தான் எல்லா அடியும் ஒரே சத்தத்துல வந்தா மெஷின்னு உடனே கண்டுபிடிச்சுடுது.

போன வருஷம் ஒரு பேண்டுக்கு இப்படித்தான் ஆச்சு. டிரம்மர் பத்தொன்பது வயசு, கிச்சிப்பாளையத்துல இருந்து சைக்கிள்ல குச்சிப் பையோட வருவான். பிளாஸ்ட் பகுதிய போட்டு கேட்டதும் முகம் வாடிப்போயி "அண்ணா, நான் சரியா அடிக்கல போல, சாம்பிளே போட்டுடுங்க"ன்னான். அவன் ஸ்னேர் தோல எடுத்து வெளிச்சத்துல பிடிச்சு காட்டினேன், நடுவுல ஒரு அஞ்சு ரூபா காசு அளவுக்கு ஒரே இடத்துல தான் கோட்டிங் தேஞ்சிருக்கு, சுத்தி எல்லாம் வெள்ளையா அப்படியே இருக்கு. "தம்பி, ஆயிரக்கணக்கான அடி ஒரே காசு மேல விழுந்துருக்கு, இத எவன் சாம்பிள் போட்டு கொண்டு வருவான்"னு கேட்டேன். அப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து இப்படி சரி பண்ணோம்.

பிளாஸ்ட் பகுதிய ஸ்னேர் ட்ராக்ல தனியா வெட்டி வேற ட்ராக்குக்கு கொண்டு போனோம், கம்ப்ரஸருக்கு (சத்தமான அடிய அமுக்கி சமமாக்குற டூல்) முன்னாடியே 4 டிபி ஏத்தினோம். அந்த ட்ராக்குக்கு கேட்டே போடல, ஏன்னா மெதுவான பகுதியோட ஓங்கின அடிக்கு வச்ச த்ரெஷோல்டு (கேட் திறக்கிற அளவு) பிளாஸ்ட் அடியில பாதிய தின்னுடும். கீழ் மைக்க 3 டிபி ஏத்தினோம், மெதுவா அடிச்சாலும் கம்பி பேசும், அந்த 'ச்ச ச்ச ச்ச' தான் வேகத்துல அடிய பிரிச்சு காட்டும். அப்புறம் அந்த பகுதிக்கு மட்டும் ஓவர்ஹெட்ட 2 டிபி இறக்கினோம், பிளாஸ்ட்ல ஸ்னேர மூடுறது சிம்பல் தான். கடைசியா கிடார் ட்ராக் ரெண்டுலயும் அந்த இடத்துல ஒரே ஒரு டிபி இறக்கினோம், கேக்கறவங்களுக்கு அது தெரியவே தெரியாது. நாலு சின்ன வேலை, சாம்பிள் ஒன்னும் இல்ல. பையன் அந்த பகுதிய பதினஞ்சு தடவையாவது போட்டு கேட்டுட்டு தான் கிளம்பினான்.

அடுத்த ரெக்கார்டிங்ல இன்னும் சுலபமா பண்ண, பிளாஸ்ட் பகுதிய தனி டேக்கா எடுங்க. அதுக்கு மட்டும் ஸ்னேர கால் சுத்து டைட் பண்ணி, மேல் மைக்க ஒரு இஞ்ச் கிட்ட கொண்டு போங்க.

டபுள் பேஸ் ஓடுனா ஒரே சேறு, கால் எங்க விழுதுன்னே தெரியல

டபுள் பேஸ்னா ரெண்டு காலாலயும் கிக்க மாறி மாறி அடிக்கிறது. 200 பிபிஎம்ல பதினாறா (பீட்டுக்கு நாலு அடி) ஓடுற டபுள் பேஸ்ல ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுல 75 மில்லிசெகண்ட் தான். 60 ஹெர்ட்ஸ் ஒரு சுத்து சுத்தவே 17 மில்லிசெகண்ட் ஆகும், அப்போ நாலஞ்சு சுத்துக்குள்ள கிக் அடங்கிடணும், அடங்கலன்னா அடுத்த அடி பழைய அடி மேல விழும். நீளமா 'பூம்ம்'னு இழுக்கிற கிக் மெதுவான டூம் பாட்டுக்கு அற்புதம், இதுக்கு ஆகாது.

கிக் உள்ள ஒரு இலவம்பஞ்சு தலகாணிய வைங்க, ரெண்டு தோலையும் லேசா தொட்டா போதும், திணிக்காதீங்க. பீட்டர் (கிக் தோல அடிக்கிற பெடல் சுத்தி) ஃபெல்ட்டா இருந்தா மரம் இல்ல பிளாஸ்டிக்குக்கு மாத்துங்க, அது விழுற இடத்துல தோல்ல ஒரு பேட்ச் ஒட்டுங்க. மைக்க முன் தோல் ஓட்டை வழியா உள்ள கொண்டு போயி பீட்டர் விழுற இடத்துல இருந்து அஞ்சாறு சென்டிமீட்டர்ல, நேரா இல்லாம கொஞ்சம் சாய்ச்சு வைங்க. ஓட்டை வாயிலயே வச்சா வெறும் காத்தும் பூமும் தான் வரும்.

மிக்ஸ்ல 300ல இருந்து 500 ஹெர்ட்ஸ் வரைக்கும் தாராளமா வெட்டலாம், அட்டப்பெட்டி சத்தம் அங்க தான் குடியிருக்கு. அடிய காட்ட 4 கிலோஹெர்ட்ஸ் பக்கமோ 7 பக்கமோ ஏத்துங்க. கம்ப்ரஸர் ரிலீஸ் (அமுக்கினத விடற நேரம்) 75 மில்லிசெகண்ட விட வேகமா இருக்கணும், இல்லன்னா முதல் அடி மட்டும் பெருசா வந்து மிச்சமெல்லாம் அமுங்கிடும். டபுள் பேஸ் பகுதியில ரிவெர்ப (ரூம் எதிரொலி எஃபெக்ட்) வேணாம்னு விட்டுடுங்க. ஸ்லேயர் பேண்டு 1986ல தயாரிப்பாளர் ரிக் ரூபினோட பண்ண ரெக்கார்டுல ரிவெர்ப் கிட்டத்தட்ட இல்லவே இல்ல, அவங்க டிரம்மர் டேவ் லொம்பார்டோவோட கால் அவ்வளவு வேகத்துலயும் எண்ணுற மாதிரி கேக்கறதுக்கு அந்த வறட்சி ஒரு பெரிய காரணம்.

இடது கால் அடி மட்டும் மெலிசா கேட்டா அது மிக்ஸ் இல்ல, இடது பெடல் ஸ்ப்ரிங்க பாருங்க, அதுவும் சரின்னா கால் தான், பழகணும்.

டாம் அடிக்காதப்போ கூட டாம் ட்ராக்ல சிம்பல் உறுமுது

கேட் வேணாம், கையால வெட்டுங்க. ஒரு பாட்டுல டாம் அடி மிஞ்சிப்போனா அம்பது அறுபது இடம் தான் இருக்கும், அடிக்கு முன்னாடி வெட்டி, சத்தம் முழுசா அடங்குற வரைக்கும் விட்டு, மெதுவா ஃபேட் பண்ணுங்க. அரை மணி நேரம். டாம் அடிச்சா ஸ்னேர் கம்பி 'கிர்ர்'னா டாம் சுருதியும் ஸ்னேர் சுருதியும் பக்கத்துல பக்கத்துல இருக்கு, ஒன்ன கொஞ்சம் நகத்துங்க.

ரூம் மைக் குளியலறை மாதிரி இருக்கு

நம்ம ஊரு ரூம்னா பத்துக்கு பத்தோ பத்துக்கு பன்னெண்டோ, சுத்தி சிமெண்ட் பூச்சு, மேல கான்கிரீட் தளம், கீழ டைல்ஸ். பத்தடி அகலத்துக்கு 56 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு சத்தம் சுவருக்கு சுவரு நின்னு ஆடும், அது கிக் வாழுற இடம், அதனால ஒரு மூலையில கிக் இடி மாதிரியும் நடு ரூம்ல ஒன்னுமே இல்லாத மாதிரியும் கேக்கும். டிரம்ம நடுவுல போடாதீங்க, நீளத்துல மூணுல ஒரு பங்கு தள்ளி போட்டு, டிரம்மர கிக் மட்டும் அடிக்க சொல்லிட்டு ரூம் முழுக்க நடந்து பாருங்க.

முட்டை அட்டையும் தெர்மாகோலும் ஒட்டாதீங்க, காசும் உழைப்பும் வீண். முட்டை அட்டை மேல் சத்தத்த மட்டும் கொஞ்சம் தேச்சு விடும், தெர்மாகோல் உள்ள காத்து போகவே வழி இல்ல, அது சத்தத்த உறிஞ்சாது. தடிமனான, காத்து நுழையிற பொருள் வேணும். நாலு இஞ்ச் ராக்வூல மரச்சட்டத்துல வச்சு துணி போத்தி மாட்டுங்க, முடியலன்னா பழைய இலவம்பஞ்சு மெத்தைகள சுவருல இருந்து கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க. முதல் துண்டு டிரம்முக்கு நேர் மேல தளத்துல போகணும், ஏன்னா ஓவர்ஹெட்டுக்கும் தளத்துக்கும் 60 சென்டிமீட்டர் தான் இடைவெளின்னா சத்தம் மேல போய் 3.5 மில்லிசெகண்ட்ல திரும்பி அதே மைக்ல விழும். சிம்பல் 'ஷ்வூஷ்'னு சல்லடையில சலிச்ச மாதிரி கேக்கறது அதனால தான்.

பெரிய சத்தம் வேணும்னா பெரிய இடத்துக்கு போகணும், வேற வழி இல்ல. லெட் செப்பலின் பேண்டுக்கு ரெக்கார்டிங் இன்ஜினியர் ஆண்டி ஜான்ஸ் ஹெட்லி கிரேஞ்சுங்கற பழைய வீட்டுல டிரம்ஸ மாடிப்படி அடியில ஹால்ல போட்டு, மைக் ரெண்ட மேல மாடியில இருந்து வச்சு எடுத்தாரு, 1971ல வந்த அந்த சத்தத்த இன்னைக்கும் ஆளுங்க தேடிக்கிட்டு இருக்காங்க. நாங்களும் ஏற்காட்டுல ஒரு எஸ்டேட்டோட பழைய காபி குடோன ரெண்டு நாளைக்கு கேட்டு வாங்கினோம். உயரமான ஓட்டுக் கூரை, கல்லு சுவரு, ஒரு பக்கம் முழுக்க காபிக்கொட்டை சாக்கு அடுக்கி வச்சிருந்தாங்க. முதல் அடியிலயே தெரிஞ்சுடுச்சு, சாக்கு பக்கம் சத்தம் அப்படியே அமுங்குது, கல்லு பக்கம் பிரகாசமா திரும்பி வருது. சாக்குக்கு முதுக காட்டி டிரம்ஸ போட்டு, கல்லு சுவர பாத்த மாதிரி ரூம் மைக்க அஞ்சு மீட்டர் தள்ளி வச்சோம். மிக்ஸ்ல அந்த ஒரே ட்ராக்க நல்லா அமுக்கி கொஞ்சமா கலந்தது தான், ரிவெர்ப் பிளக்இன் எதுவும் தேவைப்படல.

ஒன்னு மட்டும் ஞாபகம் வைங்க. அடிவாரத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவு, குட்டியானை வண்டியில டிரம்ஸ் ஆடிக்கிட்டே வரும், ராடெல்லாம் லூஸாகும். மேல குளிர் வேற. பறைய வைக்கோல் தீயில காய்ச்சி தான் அடிக்கணும், இது பிளாஸ்டிக் தோலு, அந்த அளவுக்கு ஈரம் இழுக்காது, ஆனா மரமும் கம்பியும் குளிருக்கு நகரும். இறக்கி வச்சு ஒரு மணி நேரம் அந்த குளிர்லயே விட்டுட்டு அப்புறம் சுருதி சேருங்க.

நடுவுல படபடன்னு, டிக்குன்னு, உர்ருன்னு என்னமோ கேக்குது

மூணும் வேற வேற. சீரான இடைவெளியில 'டிக்... டிக்'னா, ரெண்டு இன்டர்ஃபேஸ கோத்திருக்கீங்க, ரெண்டும் தனித்தனி க்ளாக்ல (சாம்பிள் எடுக்கற நேரக் கணக்கு) ஓடுது, ஒன்ன இன்டர்னல்ல வச்சு இன்னொன்ன அதுக்கு அடங்கி ஓடற மாதிரி வைங்க. சீரான இடைவெளி இல்லாம கண்டபடி டிக்குனா பஃபர (கம்ப்யூட்டர் ஒரு தடவையில சேத்து வச்சு வேலை செய்யிற சாம்பிள் அளவு) ஏத்துங்க, டிரம்மர் தன் சத்தத்த நேராவே கேக்கறான், 512 வச்சாலும் அவனுக்கு ஒன்னும் ஆகாது.

'உர்ர்'னு 50, 100 ஹெர்ட்ஸ்ல நின்னா கரண்ட். ஃபேன் ரெகுலேட்டர், டிம்மர், இன்வெர்ட்டர் ஒன்னொன்னா அணைங்க, லேப்டாப்ப சார்ஜர்ல இருந்து கழட்டி பாருங்க, எல்லாத்துக்கும் ஒரே பிளக் போர்டுல இருந்து கரண்ட் எடுங்க. எர்த் பின்ன மட்டும் எந்த காரணத்துக்கும் கழட்டாதீங்க, உயிர் போற விஷயம்.

படபடன்னு சோளம் பொரியிற மாதிரி கேட்டா அது ஈரம். ஏற்காட்டுல ரெண்டாவது நாள் விடிகாலையில பனி குடோனுக்குள்ளயே வந்துடுச்சு, ஓவர்ஹெட் கண்டென்ஸர் மைக் (ஈரம் பட்டா சீக்கிரம் கோளாறு பண்ற வகை) ரெண்டும் பொரிய ஆரம்பிச்சுது. கேபிள மாத்தினோம், ப்ரீஆம்ப மாத்தினோம், போகல. மைக்க கழட்டி சிலிக்கா ஜெல் பை போட்ட டப்பாவுல மூடி, மதியம் வெயில் வர்ற வரைக்கும் காத்திருந்து மாட்டினோம், சுத்தமா போயிடுச்சு. அந்த நேரத்துல டைனமிக் மைக் மட்டும் தேவைப்பட்ட டாம் ஓவர்டப்ப (மேல சேர்த்து எடுக்கற பதிவு) முடிச்சுக்கிட்டோம். மைக்க ராத்திரி ஸ்டாண்ட்லயே விடாதீங்க.

வெளி சத்தத்துக்கு பிளக்இன்ன விட பேச்சு தான் உதவும். எங்க முன் ஷெட்டு தறிக்காரர்கிட்ட போய் நிலைமைய சொன்னோம், "பாவு புணைக்கிற அன்னைக்கு தறி ஓடாதுப்பா, முந்தின நாளே சொல்லி விடறேன்"னாரு. அந்த நாள்ல தான் மெதுவான பகுதியெல்லாம் எடுக்கறோம். ஆடி மாசம் கோட்டை மாரியம்மன் திருவிழா சமயத்துல ரெக்கார்டிங் வைக்காதீங்க, ஊரே ஸ்பீக்கர்ல இருக்கும், நாமளும் கோயில்ல இருக்க வேண்டிய நேரம் அது.

கிடார் வந்ததும் டிரம்ஸ் உள்ள போயிடுது

டிரம்ஸ ஏத்தாதீங்க, கிடாருக்கு இடம் ஒதுக்குங்க. டிராப் சி ட்யூனிங்ல (கிடார் சுருதிய இறக்கி வைக்கிறது) கிடாரோட அடி நோட்டு 65 ஹெர்ட்ஸ், கிக்கும் அங்க தான் நிக்குது, பேஸ் கிடாரும் அதே இடத்துக்கு தான் வருது. கிடார 90, 100 ஹெர்ட்ஸுக்கு கீழ வெட்டிடுங்க, தனியா கேட்டா மெலிசா தெரியும், பேஸ் சேந்ததும் அந்த குறை தெரியாது. கிக்கா பேஸா, 60 ஹெர்ட்ஸ் யாருக்குன்னு பாட்டுக்கு பாட்டு முடிவு பண்ணுங்க, மத்தவரு 100க்கு மேல இருக்கட்டும். கிடார் டிஸ்டார்ஷன்ல கெயின கால் பங்கு குறைச்சு எடுத்தாலே ஸ்னேருக்கு கதவு திறக்கும், இத ரெக்கார்டிங் அன்னைக்கே பண்ணணும்.

டிரம்ஸ் எல்லாத்தையும் ஒரு பஸ்ல (பல ட்ராக்க ஒன்னா சேர்க்கற சேனல்) அனுப்பி, அதோட காப்பி ஒன்ன நல்லா கம்ப்ரஸ் பண்ணி அடியில கலக்குங்க. அட்டாக் (கம்ப்ரஸர் அமுக்க ஆரம்பிக்க எடுக்கற நேரம்) 30 மில்லிசெகண்ட் மாதிரி மெதுவா இருந்தா அடியோட கூர் தப்பிச்சு வரும். சிம்பல் சீற ஆரம்பிச்சா அந்த காப்பியில இருந்து ஓவர்ஹெட்ட எடுத்துடுங்க.

மிக்ஸ்ல நல்லா இருந்துச்சு, மாஸ்டர் பண்ணதும் ஸ்னேர் செத்துடுச்சு

லிமிட்டர் (ஒரு உச்சத்துக்கு மேல சத்தம் போக விடாத டூல்) முதல்ல வெட்டுறது ஸ்னேர் தலைய தான், சாம்பிள் போடாத டிரம்ஸ்ல அடிக்கு அடி உயரம் வித்தியாசம் இருக்கறதால நல்ல அடிகளோட தலை தான் முதல்ல போகும். ஸ்பாட்டிஃபையும் யூடியூபும் சத்தமான பாட்ட சுமார் மைனஸ் 14 லஃப்ஸுக்கு (LUFS, மொத்த சத்தத்த அளக்குற அலகு) இறக்கிடும், அதனால போட்டி போட்டு அமுக்கறதுல லாபம் இல்ல. ஒரு காப்பி நல்லா அமுக்கி எடுங்க, இன்னொன்னு லிமிட்டர் ரெண்டு டிபிக்கு மேல வேலை செய்யாத மாதிரி எடுங்க. ரெண்டையும் ஒரே சத்தத்துக்கு கொண்டு வந்து போன் ஸ்பீக்கர்ல ஒரு தடவ, கார்ல ஒரு தடவ மாத்தி மாத்தி கேளுங்க, எதுல ஸ்னேர் கிடாருக்கு முன்னாடி வந்து நிக்குதோ அத அப்லோடு பண்ணுங்க.